மாதிரி ரயில் எஞ்சின் திக்காமல் ஓட, விளக்கு மினுக்காமல் எரிய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை சனிக்கிழமை மாலையானால் பட்டறையாகிவிடும். யாராவது ஒருவர் எஞ்சினைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார். ‘அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்களேன்’ என்பார். வருகிற கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வாட்சாப்பில் தனித்தனியாகத் தட்டி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். எங்களிடம் ஓடுபவை பெரும்பாலும் ஜப்பானிய என் ஸ்கேல், அதாவது 9 மில்லிமீட்டர் தண்டவாளம். கொண்டோ வீட்டில் அதற்குத்தான் இடம். சிலரிடம் எச்ஓ இருக்கிறது, 16.5 மில்லிமீட்டர். கீழே சொல்வது அநேகமாக இரண்டுக்கும் பொருந்தும்.

எஞ்சின் நின்று நின்று ஓடுகிறது. எந்த டிகோடர் வாங்கினால் சரியாகும்?

டிகோடர் என்பது எஞ்சினுக்குள் பொருத்தி, வரும் கட்டளைப்படி மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சின்னச் சில்லு. எதுவும் வாங்க வேண்டாம். முதலில் சக்கரத்தைத் துடையுங்கள்.

கரண்டு போகிற வழியை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். தண்டவாளத்திலிருந்து சக்கரத்துக்கு, சக்கரத்திலிருந்து அதன் முதுகை உரசிக்கொண்டிருக்கும் மெல்லிய தகட்டுக்கு, அங்கிருந்து ஒயருக்கு, ஒயரிலிருந்து மோட்டார் பிரஷ்ஷுக்கு, பிரஷ்ஷிலிருந்து மோட்டாரோடு சுற்றும் செம்பு வளையமான கம்யூட்டேட்டருக்கு. திரும்பி வருவதும் இதே வழிதான். இவற்றில் பாதிக்கு மேல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும் இடங்கள். ஒன்றில் அழுக்குப் பிடித்தாலும் எஞ்சின் திக்கும். டிகோடர் போட்டால் நிலைமை இன்னும் மோசமாவதும் உண்டு. சாதாரண டிசியில், அதாவது தண்டவாளத்தின் வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் முறையில், ஒரு கணம் கரண்டு அறுந்தால் எஞ்சின் இருந்த வேகத்திலேயே உருண்டு அந்த இடத்தைக் கடந்துவிடும். டிகோடருக்குள் இருப்பதோ ஒரு சின்னக் கணினி. கரண்டு அறுந்தால் அது செத்துப் பிழைத்து, மறுபடி கட்டளை வரும்வரை காத்திருந்து, பிறகுதான் நகரும்.

ஆகவே வரிசை இது: சக்கரம், தண்டவாளம், தகடு, கியர், அதற்கப்புறம் எலக்ட்ரானிக்ஸ், கடைசியில் விளக்கு. எல்லாரும் விளக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

சக்கரத்தை எப்படித் துடைப்பது?

பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு டிஷ்யூ. வேறொன்றும் வேண்டாம். டிஷ்யூவைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு நனையுங்கள். சொட்டக்கூடாது, ஈரம் போதும். போகி என்பது எஞ்சினின் அடியில் சக்கரங்கள் மாட்டிய சட்டம். எஞ்சினின் பின்போகி வெறும் தண்டவாளத்தில், முன்போகி டிஷ்யூவின் மேல். எஞ்சினை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கன்ட்ரோலரைப் பாதி திருப்புங்கள். பின்சக்கரங்கள் கரண்டு எடுக்கும், முன்சக்கரங்கள் டிஷ்யூ மேல் வழுக்கிக்கொண்டு சுற்றும். பத்து விநாடி கழித்துத் தூக்கிப் பார்த்தால் கண்மை இழுத்ததுபோல் இரண்டு கருப்புக் கோடு இருக்கும். டிஷ்யூவைச் சற்று நகர்த்தி மறுபடியும். கோடு சாம்பலாகி மறையும்வரை செய்துவிட்டு எஞ்சினைத் திருப்பிவைத்து அடுத்த போகி.

ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் சாமி விளக்கு எரிந்தால் முடிந்தபிறகு உட்காருங்கள்.

உப்புத்தாள் வேண்டாம். அது போடும் கீறல்தான் அடுத்த வார அழுக்குக்கு வீடு. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் வேண்டாம்; அதன் தூள் மோட்டார் காந்தத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அந்த மோட்டாரை மறந்துவிடலாம்.

ஒரே வாரத்தில் தண்டவாளம் கறுத்துவிடுகிறது. நம் ஊர் ஈரம்தான் காரணமா?

ஈரமும் ஒரு காரணம். ஆனால் எங்கள் வீட்டில் பெரிய குற்றவாளி வேறு. தண்டவாளம் விரித்திருக்கும் அறைக்கு ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் பூஜை அறை. தாளிப்பில் எழும் எண்ணெய்ப் புகையும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் காற்றில் வந்து படிந்தால் தண்டவாளத்தின் மேல் மெல்லிய பிசுக்கு உண்டாகும். அதன்மேல் தூசி. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத தீப்பொறிகள் பறந்து அதைக் கரியாக்கும். அந்தக் கரியைத்தான் டிஷ்யூவில் பார்க்கிறீர்கள். ஓடாத நேரத்தில் பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடத் தொடங்கியபின் எனக்கு வாரத்துக்கு ஒருமுறை துடைப்பது மாதத்துக்கு ஒருமுறை ஆனது. புகைமூட்டக் காலத்தில் மட்டும் விதிவிலக்கு.

தண்டவாளம் பித்தளையா, நிக்கல் சில்வரா என்றும் பாருங்கள். நிக்கல் சில்வரில் பெயரில் மட்டும்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். அது பித்தளை அளவுக்குத் தொல்லை தராது. பழைய பித்தளைத் தண்டவாளத்தை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எஞ்சினைப் பெட்டியில் வைக்கும்போது ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் நுரைப்பஞ்சு நம் வெப்பத்தில் சில வருடங்களில் பிசுபிசுத்துப் பெயின்ட்டில் ஒட்டும். இடையில் மெல்லிய பிளாஸ்டிக் உறை இருக்கட்டும்.

சக்கரமும் தண்டவாளமும் சுத்தம். இன்னும் திக்குகிறதே?

எந்தச் சக்கரம் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பக்கத் தண்டவாளத்தின் மேல் செல்லோடேப் ஒட்டி, அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு சக்கரம் மட்டும் உலோகத்தைத் தொடும்படி எஞ்சினை வையுங்கள். ஓடுகிறதா? அந்தச் சக்கரம் நன்று. அடுத்ததற்கு மாற்றுங்கள். ஆறு சக்கர எஞ்சின் என்று நினைத்து வாங்கியது நிஜத்தில் மூன்று சக்கரத்தில் கரண்டு எடுத்துக்கொண்டிருப்பதை இப்படித்தான் பலமுறை கண்டுபிடித்தோம்.

வேலை செய்யாத சக்கரத்தின் முதுகுப் பக்கம் தகடு தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தொடவில்லையென்றால் ஊசிமுனையால் மெதுவாக வளைக்க வேண்டும். அழுத்தம் கூடினால் அது பிரேக் ஆகிவிடும். இழுவைக்காக ரப்பர் வளையம் மாட்டிய சக்கரம் கரண்டே எடுக்காது. ரப்பருக்கு அது தெரியாதே. எஞ்சினோடு ரப்பர் இல்லாத மாற்றுச் சக்கரம் கொடுத்திருந்தால், சின்ன ரயில் ஓட்டுகிறவர்கள் தயங்காமல் மாற்றலாம்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக், டக்’ என்று தடுக்குகிறது.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒருமுறை தடுக்கினால் கோளாறு எலக்ட்ரானிக்ஸில் இல்லை. அச்சில் மாட்டிய பிளாஸ்டிக் கியரில் வெடிப்பு விட்டிருக்கும், அல்லது முடியோ நூலோ சுற்றியிருக்கும். பல்லும் பல்லும் சேருமிடத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் லென்ஸ் இல்லாமல் தெரியாது. பசை போட்டு ஒட்டினால் ஒரு மாதம் ஓடும். கியரை மாற்றுவதுதான் வழி. ஸ்டீம் எஞ்சின் என்றால் இடது சக்கரத்து முளைக்கும் வலது சக்கரத்து முளைக்கும் 90 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். ஒரு அச்சில் அது கொஞ்சம் நழுவினாலும் கம்பிகள் இறுகிக்கொள்ளும்.

எஞ்சினைத் தள்ளிப் பார்த்தால் உருளவில்லை என்று பயந்து சிலர் வருகிறார்கள். உருளாது. வார்ம் கியர், அதாவது மோட்டார் அச்சில் இருக்கும் திருகுபோன்ற கியர், மோட்டார் பக்கமிருந்து மட்டும்தான் திருப்பும். தள்ளிப் பார்க்க வேண்டுமானால் வார்மைக் கழற்றிய பிறகு தள்ளுங்கள்.

எவ்வளவு எண்ணெய் விடலாம்?

நீங்கள் நினைப்பதில் பத்தில் ஒரு பங்கு. பிளாஸ்டிக்கைத் தின்னாத எண்ணெயா என்று பாட்டிலில் பார்த்து வாங்கி, பல்குத்தியின் நுனியில் தொட்டு அச்சு முனையில் வையுங்கள். கியருக்குக் கிரீஸ். அதிகமானது எங்கே போகும் என்றால், வழிந்து கம்யூட்டேட்டருக்குப் போகும். கரித்தூளோடு சேர்ந்து களிம்பாகி மோட்டாரைக் கொல்லும். எங்கள் மேசைக்கு வந்த எஞ்சின்களில் எண்ணெய் இல்லாமல் செத்ததைவிட எண்ணெயில் முங்கிச் செத்தது அதிகம். புது எஞ்சினை வேகத்தில் பாதியில் முன்னே அரைமணி, பின்னே அரைமணி, பெட்டி மாட்டாமல் ஓடவிடுங்கள்.

டிசி போதுமா, டிசிசிக்குப் போகலாமா?

ஒரு எஞ்சின், ஒரு வட்டம் என்றால் டிசி போதும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சினைத் தனித்தனியாக ஓட்டவும், நிற்கும்போது விளக்கு எரியவும் ஆசைப்பட்டால் டிசிசி, அதாவது தண்டவாளம் வழியாகவே டிகோடருக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை. விளக்குக்காக மட்டும் என்றால் இன்னொரு வழியும் உண்டு. சில ஜப்பானிய கன்ட்ரோலர்கள் 12 வோல்ட்டை மிக வேகமான துடிப்புகளாக வெட்டி அனுப்பும். துடிப்பு குறுகியதாக இருக்கும்போது மோட்டார் அசையாது, எல்இடி மட்டும் எரியும். ஸ்டேஷனில் நிற்கும் ரயிலுக்கு அது அழகு.

டிகோடர் பொருத்தும்போது எதில் கவனம்?

மோட்டார் தனித்து நிற்கிறதா என்பதில். என் ஸ்கேல் எஞ்சின்கள் பலவற்றில் உலோகச் சட்டமே இரண்டாகப் பிளந்திருக்கும். இடது பாதியில் இடது தண்டவாளத்துக் கரண்டு, வலது பாதியில் வலது. மோட்டாரின் முனை அந்தச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். டிகோடர் போடும்போது அந்தத் தொடர்பு முழுக்க அறுபட வேண்டும். கரண்டைக் கடத்தாத, சூடு தாங்கும் கப்டான் டேப் ஒட்டியபின் மல்டிமீட்டரை வைத்து மோட்டாரின் ஒவ்வொரு முனைக்கும் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் இடையே பாருங்கள். துளி தொடர்பு காட்டினாலும் கரண்டு கொடுக்காதீர்கள். டிகோடர் எரியும் வாசனை ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது.

ஒயர் நிறங்கள் பெரும்பாலான தயாரிப்பாளர்களுக்குப் பொது. சிவப்பு வலது தண்டவாளம், கருப்பு இடது. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. நீலம் விளக்குகளின் பொதுப் பாசிட்டிவ், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே தொழிற்சாலையில் வைத்த சின்னக் கப்பாசிட்டர் (கரண்டைச் சேமித்து வைக்கும் பாகம்) இருந்தால் எடுத்துவிடுங்கள். மோட்டார் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று டிகோடர் கேட்டுக்கொண்டே இருக்கும், அந்தக் கப்பாசிட்டர் அதன் காதை அடைக்கும்.

மூடியைப் போடுவதற்குமுன் டிகோடரைப் படிக்கவும் எழுதவும் தனியாக வைத்த புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்து எஞ்சினின் முகவரி எண்ணைப் படியுங்கள். அங்கே கரண்டு குறைவு, தவறு இருந்தாலும் எரிய வாய்ப்புக் குறைவு. படிக்கும்போது எஞ்சின் லேசாக நடுங்கும். கோளாறு என்று நினைக்காதீர்கள், அதுதான் பதில். ‘ஆம்’ என்று சொல்ல டிகோடருக்கு வாய் கிடையாது. மோட்டாரை ஒரு நொடிப்பொழுது தட்டிக் குறைந்தது 60 மில்லி ஆம்பியரை 6 மில்லி விநாடி இழுத்துக் காட்டும், கட்டளை அனுப்பும் டிசிசி நிலையம் அதைக் கண்டுகொள்ளும். மோட்டார் சரியாக இணையவில்லையென்றால் நடுக்கமும் இல்லை, பதிலும் இல்லை.

ஊர்ந்து போகவைக்க எந்தச் சிவியை மாற்றணும்?

சிவி என்பது டிகோடருக்குள் எண்ணாக எழுதிவைக்கும் அமைப்பு. முதலில் சிவி 3, சிவி 4 இரண்டையும் 0 ஆக்குங்கள். அவை வேகம் ஏறுவதையும் இறங்குவதையும் தாமதப்படுத்தும். இருந்தால் என்ன நடக்கிறதென்றே தெரியாது. கன்ட்ரோலரை 128 படியில் முதல் படிக்கு வைத்துவிட்டு சிவி 2ஐ ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். எஞ்சின் எறும்புபோல் நகரத் தொடங்கும் எண்ணில் நிறுத்துங்கள். சிவி 5 உச்ச வேகம், சிவி 6 நடு வேகம். யார்டில் பெட்டிகளை இழுத்து அடுக்கும் ஷன்டிங் எஞ்சின் எக்ஸ்பிரஸ் வேகத்தில் பறக்க வேண்டியதில்லை, சிவி 5ஐக் குறையுங்கள். கடைசியில் 3, 4க்குத் திரும்ப வந்து பிடித்த எண்ணைப் போடுங்கள்.

அழுக்கு இடத்தில் திடீரென்று எஞ்சின் தலைதெறிக்க ஓடுகிறதா? டிகோடர் தன்னை டிசி தண்டவாளத்தில் இருப்பதாக நினைத்துவிட்டது. சிவி 29இல் 6 இருந்தால் 2 என்று மாற்றுங்கள், நீள முகவரி வைத்திருந்து 38 இருந்தால் 34. டிசி ஓட்டம் அணைந்துவிடும். எல்லாம் குழம்பிப்போனால், பெரும்பாலான டிகோடர்களில் சிவி 8இல் 8 என்று எழுதினால் பிறந்த நிலைக்குத் திரும்பும். முகவரியும் 3 ஆகிவிடும், ஞாபகம் இருக்கட்டும்.

எல்இடி போட்டேன், ஒரு மின்னல் மின்னி அணைந்துவிட்டது.

கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் போடவில்லை, அவ்வளவுதான். வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் போதும். டிகோடரிலிருந்து வருவது 13 வோல்ட் அளவில் என்று வையுங்கள். மிச்சம் 10 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 1 கிலோ ஓம் போட்டால் 10 மில்லி ஆம்பியர் ஓடும். எஞ்சினின் முகம் கால்பந்துத் திடல்போல் ஆகிவிடும். இப்போது வரும் எல்இடிகளுக்கு 4.7 கிலோ ஓம், அதாவது 2 மில்லி ஆம்பியர், தாராளம். நான் பெரும்பாலும் 10 கிலோ ஓமில் நிறுத்துகிறேன். நீள முனை நீல ஒயர் பக்கம், குட்டை முனை வெள்ளை அல்லது மஞ்சள் பக்கம், ரெசிஸ்டர் எந்தப் பக்கமிருந்தாலும் சரி. இரண்டு எல்இடிக்கு ஒரே ரெசிஸ்டரைப் பங்குபோட்டால் ஒன்று பிரகாசிக்கும், மற்றது அழும். ஆளுக்கொன்று கொடுங்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பழைய எஞ்சினுக்கு வார்ம் ஒயிட் மட்டும். நீலம் கலந்த வெள்ளையைப் போட்டால் ஸ்டீம் எஞ்சின் நெற்றியில் டியூப்லைட் கட்டியதுபோல் இருக்கிறது. மூடியின் உட்புறம் முதலில் கருப்பு, அதன்மேல் வெள்ளி நிறம் அடியுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் முழுக்கக் காகித விளக்குமாதிரி ஒளிரும்.

0402 அளவு எல்இடி 1 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். கையில் பிடித்து ஈயம் வைக்க முயலாதீர்கள். இரட்டைப்பக்க டேப்பில் தலைகீழாக ஒட்டி, இரு முனையிலும் ஈயத்தைத் தொட்டுவைத்து, எனாமல் சுரண்டிய மெல்லிய செம்புக் கம்பியை அதன்மேல் வைத்து சால்டரிங் இரும்பை ஒரு விநாடி காட்டுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு. உடனே 3 வோல்ட் பட்டன் பேட்டரியில் வைத்துச் சோதியுங்கள். எஞ்சினுக்குள் வைத்து மூடியபிறகு தெரிந்து என்ன பயன்.

ரயில் பெட்டியில் விளக்கு மினுக்குகிறது. கப்பாசிட்டர் வைத்தால் போதுமா?

விளக்குக்குப் போதும், மோட்டாருக்குப் போதாது. கணக்கு எளிது. கரண்டை ஒரே திசையாக்கும் பிரிட்ஜ் ரெக்டிபையருக்குப் பின்னால் 470 மைக்ரோ ஃபாரட் வைத்தால், 2 மில்லி ஆம்பியர் எடுக்கும் ஒரு எல்இடியைக் கரண்டு அறுந்தபின்னும் ஏறக்குறைய 2 விநாடி தாங்கும். ஐந்து எல்இடி என்றால் அரை விநாடிக்கும் குறைவு, அதுவும் கண்ணுக்குப் போதும். ஆனால் 150 மில்லி ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு அதே கப்பாசிட்டர் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குதான். மோட்டாருக்கு வேண்டுமென்றால் 2.7 வோல்ட் சூப்பர் கப்பாசிட்டர்களை ஐந்தாறு தொடராக இணைத்த பொட்டலம் வேண்டும். எச்ஓவில் இடமிருக்கும், என் ஸ்கேலில் கஷ்டம்.

சாதாரணக் கப்பாசிட்டராக இருந்தால் 25 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள். 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக நிரம்பி, டயோடு வழியாக வெளியேறும்படி இணையுங்கள். இல்லாவிட்டால் எல்லா எஞ்சினும் ஒரே நேரத்தில் நிரம்பப் பார்க்கும்போது நிலையம் ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும். டிகோடரில் இணைப்பதென்றால் ஒரு முனை நீலம், மறுமுனை டிகோடரின் நெகட்டிவ் புள்ளி. கருப்பு ஒயரை நெகட்டிவ் என்று நினைத்து இணைக்கிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். கருப்பு என்பது இடது தண்டவாளம், நெகட்டிவ் அல்ல.

ஜப்பானிலிருந்து கன்ட்ரோலர் வாங்கிவந்தேன். சொருகலாமா?

அடாப்டரின் வயிற்றில் எழுதியிருப்பதைப் படிக்காமல் சொருகாதீர்கள். ஜப்பானில் வீட்டுக் கரண்டு 100 வோல்ட், நமக்கு 230. நான் ஒருமுறை தட்டை முனையை மூன்று முனைக்கு மாற்றும் அடாப்டரைப் போட்டுவிட்டு எல்லாம் முடிந்தது என்று சுவிட்சைத் தட்டினேன். ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல், அப்புறம் புகை. முனையை மாற்றினால் வோல்ட் மாறாது என்று எனக்குத் தெரியாதா என்ன, தெரியும். அன்றைக்கு அவசரம். 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் பயமில்லை; 100 மட்டும் என்றால் இறக்கித் தரும் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

கேடிஎம் எஞ்சின் மாதிரி செய்ய ஆசை. எந்தத் தண்டவாளம்?

கேடிஎம், அதாவது நம் மலேசிய ரயில், மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். 1:87 அளவில் அது 11.5 வரும், ஆகவே 12 மில்லிமீட்டர் தண்டவாளம். வழக்கமான 16.5 என்பது 1435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்ட் கேஜுக்கு உரியது. அதன்மேல் கேடிஎம் எஞ்சினை வைத்தால் காலை அகட்டிக்கொண்டு நிற்கும். சுவிட்சர்லாந்து மீட்டர் கேஜ் ரயில்களை பெமோ 12 மில்லிமீட்டரில் செய்கிறது, தண்டவாளமும் சக்கரமும் அந்தப் பக்கமிருந்து கிடைக்கும். என் தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டர். 1957இல் வந்த இங்கிலீஷ் எலக்ட்ரிக் டீசல்களின் அடியில் படுத்து எழுந்தவர். அந்த 20ஆம் வகுப்பு எஞ்சினைத்தான் நான் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிக்கொண்டிருக்கிறேன். உடம்பு முடிந்துவிட்டது, போகி இன்னும் நொண்டுகிறது.

சாமான் எங்கே வாங்குவது?

ரெசிஸ்டர், எல்இடி, கப்பாசிட்டர், ஈயம் எல்லாவற்றுக்கும் புடு பக்கம் ஜாலான் பாசார். கடைக்காரரிடம் வேண்டிய அளவைத் தாளில் எழுதிக் காட்டுங்கள், வாயால் சொன்னால் 470 ஓமும் 470 கிலோ ஓமும் மாறிப்போகும். டிகோடர் மட்டும் ஆன்லைனில். சில வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் பிடிக்கப் பெயர் தெரியாத டிகோடர் வாங்காதீர்கள், மற்றதில் எங்கு வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள். 0402 எல்இடி நான்கு வேண்டுமென்றால் பத்தாக வாங்குங்கள். மூன்று தரையில் விழும், தேடினாலும் கிடைக்காது.